நீறு பூத்த நெருப்பை ஸ்கேன் காட்டுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காசநோயைப் பற்றியவை. அதிலும் பல பேர் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறீர்கள்: உடம்பில் மறைந்திருக்கிற டிபி கிருமியை ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடிக்க முடியுமா? நான் டாக்டர் இல்லை, முப்பத்தொரு வருடம் அரசாங்க மருத்துவமனை எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று சொல்ல எனக்குத் தெரியும். மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் கிளினிக் டாக்டருடையது.

கேள்வி: அக்கா, என் மாமியாருக்குப் போன மாதம் டிபி என்று கண்டுபிடித்து மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் எல்லாரையும் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) பரிசோதித்தார்கள். எனக்கு இருமல் இல்லை, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, ஆனால் ரத்தப் பரிசோதனையில் மட்டும் பாசிட்டிவ். கிருமி மறைந்திருக்கிறது, மாத்திரை சாப்பிடுங்கள் என்கிறார்கள். கோலாலம்பூரில் இருக்கும் என் கொழுந்தன், "அண்ணி, பெட் ஸ்கேன் எடுத்தால் கிருமி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும், அதைப் பார்க்காமல் மாத்திரையைத் தொடாதீர்கள்" என்கிறார். இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் எடுக்கலாமா என்று யோசிக்கிறோம். நாலு வயதில் ஒரு மகன் இருக்கிறான். – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள். உங்கள் கொழுந்தன் அக்கறையில் சொல்கிறார், அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது, ஆனால் அந்தப் பாதி உங்களுக்கு உதவாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த ரத்தப் பரிசோதனை. உங்கள் ரத்தத்தை எடுத்து, டிபி கிருமியின் சில புரதங்களோடு சேர்த்து வைப்பார்கள். உங்கள் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பு அணுக்கள் அந்தக் கிருமியை முன்பே சந்தித்திருந்தால், அடையாளம் கண்டு ஒரு பொருளைச் சுரக்கும். அதைத்தான் அளக்கிறார்கள். கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளக்கும் பழைய முறையும் உண்டு, ஆனால் நாம் எல்லாரும் பிறந்தவுடன் இடது கையில் பி.சி.ஜி. என்ற டிபி தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள், அதனால் அந்தத் தடிப்பு சில நேரம் குழப்பும். ரத்தப் பரிசோதனை பி.சி.ஜி.யைக் கண்டு ஏமாறாது. ஆக பாசிட்டிவ் என்றால் கிருமி உங்கள் உடம்புக்குள் ஒரு தடவை வந்திருக்கிறது என்று அர்த்தம். அது இப்போது தூங்குகிறதா, எழுந்து கொண்டிருக்கிறதா என்று அந்த ரத்தம் சொல்லாது. இந்த இடத்தில்தான் ஸ்கேன் பேச்சு வருகிறது.

எக்ஸ்ரேயை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை "தாரிக் நாஃபாஸ்… தாஹான்" என்று சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வது நுரையீரல் நன்றாக விரிவதற்காக. விரிந்தாலும், எக்ஸ்ரே என்பது நெஞ்சுக்குள் இருக்கிற எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே நிழலாக விழவைப்பதுதான். இருதயத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் தெரியாது. டிபி பெரும்பாலும் நுரையீரலின் மேல் பகுதியில் உட்காரும், அந்த இடத்தைத்தான் கழுத்துப்பட்டை எலும்பும் முதல் விலா எலும்பும் மறைக்கும். அதனால் சந்தேகம் வந்தால் ஆளைப் பின்னால் சாய்த்து நிறுத்தி இன்னொரு படம் எடுப்போம், எலும்பு மேலே ஏறிக்கொள்ளும், மறைந்திருந்த மூலை தெரியும். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தமிழ்ப் பெண்ணின் படத்தில் வலப்பக்கம் மேலே ஒரு மங்கல், எல்லாரும் பயந்து போனோம், அந்தப் பிள்ளையை வீட்டிலிருந்து திரும்ப வரவழைத்தோம். எண்ணெய் வைத்துப் பின்னிய தடித்த சடை தோளில் விழுந்திருந்திருக்கிறது, அதன் நிழல். சடையை உச்சந்தலையில் தூக்கிக் கட்டச் சொல்லி மறுபடி எடுத்தால் நுரையீரல் சுத்தம். அந்தப் பெண்ணை நான் சரியாக நிறுத்தவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தல். அப்புறம் தாலிக்கொடியில் ஊக்கு மாட்டியிருந்தாலும் முதலிலேயே கேட்டு வாங்கிவிடுவேன்.

சி.டி. ஸ்கேன் வந்தபோது இந்த நிழல் பிரச்சினை பெரிதும் தீர்ந்தது. 1971இல் இங்கிலாந்தில் முதல் நோயாளிக்கு எடுத்தார்கள், அதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. ரொட்டியை நறுக்குவது போல நெஞ்சைத் துண்டு துண்டாகக் காட்டும். கிருமி மூச்சுக்குழாய் வழியாகப் பரவ ஆரம்பித்திருந்தால், மொட்டு விட்ட கிளை போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். எக்ஸ்ரேயில் கண்ணுக்கே படாத அந்த மொட்டுகளை சி.டி.யில் பார்க்கலாம்.

இனி உங்கள் கொழுந்தன் சொன்ன பெட் ஸ்கேன். சர்க்கரை மாதிரியான ஒரு பொருளில் கதிரியக்கம் உள்ள ஃபுளோரினைச் சேர்த்து ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். உடம்பில் எங்கெல்லாம் அணுக்கள் சர்க்கரையை அதிகமாகத் தின்கின்றனவோ அங்கெல்லாம் படத்தில் வெளிச்சம் தெரியும். டிபி கிருமியைச் சுற்றி எதிர்ப்பு அணுக்கள் கூட்டமாக வளைத்துக்கொண்டு சண்டை போடுகிற இடமும் அப்படி வெளிச்சம் காட்டும். 2016இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. எச்.ஐ.வி. தொற்றும் மறைந்த டிபியும் உள்ள, ஆனால் எந்த அறிகுறியும் இல்லாத 35 பேருக்கு இந்த ஸ்கேன் எடுத்தார்கள். 10 பேருடைய நுரையீரலில் நோய் ஆரம்பித்துவிட்டது போன்ற மாற்றங்கள் தெரிந்தன, பின்னால் நோயாளியாக மாறும் வாய்ப்பும் அந்தப் பத்துப் பேருக்குத்தான் மிக அதிகமாக இருந்தது. இது பெரிய விஷயம். மறைந்த டிபி என்று ஒரே பெயரில் சொல்கிறோமே, அதற்குள்ளேயே முழுக்கத் தூங்குகிறவர்களும் உண்டு, வெளியில் ஒன்றும் தெரியாமல் உள்ளே கனன்று கொண்டிருப்பவர்களும் உண்டு என்பதைப் படமாகவே காட்டிவிட்டார்கள். நீறு பூத்த நெருப்பு என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த இரண்டாவது வகைக்கு அப்படியே பொருந்தும்.

சரி, அப்படியானால் நீங்கள் ஏன் எடுக்க வேண்டாம்? அந்த ஸ்கேன் பார்ப்பது சண்டையை, கிருமியை அல்ல. நிமோனியா, பூஞ்சைத் தொற்று, புற்றுநோய் எல்லாமே அதே மாதிரி வெளிச்சம் காட்டும். வெளிச்சம் தெரிந்தால் அதை என்னவென்று பார்க்க உங்களுக்கு அடுத்தடுத்து பரிசோதனைகள் வரும். வெளிச்சம் தெரியாவிட்டால் கிருமி இல்லை என்று அர்த்தமாகுமா? ஆகாது. சுற்றிலும் சண்டை இல்லாமல் தூங்குகிற கிருமியையும், சில மில்லிமீட்டர் அளவே உள்ள புள்ளியையும் அது காட்டாமல் விட்டுவிடலாம். ஆக ஸ்கேன் சுத்தம் என்று வந்தாலும் டாக்டர் உங்களிடம் சொல்லப்போவது அதே மாத்திரையைத்தான். அதற்கு பினாங்குக்கோ கோலாலம்பூருக்கோ போய் சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, இயற்கையாகப் பல வருடங்களில் உடம்பில் படுகிற அளவுக் கதிர்வீச்சை ஒரே காலையில் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உலகத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டிருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது, அவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறும். ஆனால் அப்படி மாறுவது பெரும்பாலும் தொற்றிய முதல் இரண்டு வருடங்களுக்குள். உங்களுக்கு மாமியாரிடமிருந்து இப்போதுதான் தொற்றியிருக்கிறது என்றால், நீங்கள் நிற்பது அந்த இரண்டு வருடத்தின் வாசலில். தடுப்பு மருந்தில் பல வகை உண்டு: வாரத்துக்கு ஒரு தடவை என்று 12 வாரம், தினமும் என்று மூன்று அல்லது நாலு மாதம், ஐசோனியாசிட் மட்டும் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல். எது உங்களுக்கு என்று டாக்டர் சொல்வார். ரிஃபாம்பிசின் அல்லது ரிஃபாபென்டின் சேர்ந்த மருந்தாக இருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள். ஆனால் கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், இந்த மருந்து அதன் வேலையைக் கெடுத்துவிடும். பல பெண்கள் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுகிறார்கள். கண் மஞ்சளாவது, சாப்பாடே பிடிக்காமல் குமட்டுவது என்று ஏதாவது வந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள், கல்லீரலைப் பார்க்க வேண்டும்.

உங்கள் மகன் விஷயம்தான் இதில் முக்கியம். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குத் தொற்றினால் நோய் வேகமாக வரும், மூளைக்கே பரவும் ஆபத்தும் உண்டு. பையனுக்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டுத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அதைக் கொடுத்துவிட்டார்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நாளைக்கே போய்க் கேளுங்கள்.

இன்னொன்று, மருந்தை முடித்த பிறகு அந்த ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுத்துப் பார்க்காதீர்கள். கிருமியைச் சந்தித்த நினைவு அணுக்களில் இருந்துகொண்டே இருக்கும், பாசிட்டிவ் என்றே வரலாம், வீணாகத் தூக்கம் கெடும்.

கேள்வி: செம்பனைக் குலை வெட்டும் வேலை எனக்கு, வயது 58. இனிப்பு நீர் இருக்கிறது. 1987இல் தோட்டத்து டிரசர் (மருத்துவ உதவியாளர்) அனுப்பிப் பெரிய ஆஸ்பத்திரியில் டிபி என்று ஊசியும் மாத்திரையும் கொடுத்துச் சரியானது. இப்போது மூன்று வாரமாக இருமல், சளியும் வருகிறது. எக்ஸ்ரேயில் தழும்பு என்கிறார்கள். மகன் சி.டி. எடுக்கலாம் என்கிறான். சளி வருவதால் பாத்தோக் கெரிங்காக (டிபியாக) இருக்காது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். – வாசகர், கோலகங்சார் சாலை

பதில்: அண்ணே, அந்தப் பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. மலாயில் டிபியைக் காய்ந்த இருமல் என்று சொல்வதால், சளி வந்தால் அது வேறு என்று நினைத்துக்கொள்கிறோம். நுரையீரல் டிபி முற்றும்போது சளிதான் வரும், ரத்தமும் வரலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை விட்டுவிடுங்கள்.

சி.டி. பின்னால் பார்க்கலாம், முதலில் சளியைக் கொடுங்கள். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து ஆழமாக இருமி வருகிற சளி, எச்சில் இல்லை. ஜீன்எக்ஸ்பெர்ட் என்கிற கருவியில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று இரண்டையும் சொல்லிவிடும். உங்களை மாதிரி முன்பு டிபி வந்தவருக்கு இந்த இரண்டாவது பதில் ரொம்ப முக்கியம். எந்த ஸ்கேனும் அதைச் சொல்லாது. ஆனால் ஒன்று, முன்பு மருந்து சாப்பிட்டவர்களின் சளியில் செத்த கிருமியின் மிச்சத்தையும் அந்தக் கருவி சில சமயம் காட்டிவிடும், அதனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். அதற்குப் பல வாரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தழும்பு என்பது ஆறின புண். பழைய எக்ஸ்ரே படம் வீட்டில் அலமாரிக்கு மேல் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தழும்பு அப்படியே இருக்கிறதா வளர்ந்திருக்கிறதா என்று சொல்வது பெரிய இயந்திரங்களைவிடப் பல நேரம் உதவியிருக்கிறது. சளியில் ஒன்றும் கிடைக்காமல் சந்தேகம் மட்டும் நீடித்தால் அப்போது டாக்டரே சி.டி.க்கு எழுதிக் கொடுப்பார். பெட் ஸ்கேன் உங்களுக்கு இன்னும் குழப்பம்: தென்னாப்பிரிக்காவில் டிபி மருந்தை ஒழுங்காக முடித்துக் குணமானவர்களுக்கு அந்த ஸ்கேன் எடுத்தபோதுகூடப் பல பேர் நுரையீரலில் வெளிச்சம் மிச்சம் இருந்தது. போதாததற்கு, ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் அந்தப் படமே தெளிவாக வராது.

சர்க்கரை என்றதும் மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீரிழிவு இருப்பவருக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு. 2019இல் எடுத்த தேசிய ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு நீரிழிவு, நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். வருடத்துக்கு 25,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டிபி கண்டுபிடிக்கப்படும் நாட்டில் இந்த இரண்டும் ஒரே உடம்பில் சந்திப்பதை நான் எக்ஸ்ரே அறையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நீங்கள் சர்க்கரைக்கு மருந்து வாங்கப் போகும் அதே கிளினிக்தானே, இருமலையும் அங்கேயே சொல்லுங்கள். வேலைக்கு ஒரு நாள் போகாவிட்டால் சம்பளம் போகும் என்பது தெரியும், அண்ணே. தெரிந்துதான் சொல்கிறேன்.

கேள்வி: நான் ஆறாம் படிவம் படிக்கிறேன். கிருமியையே நேராகப் பார்க்கிற ஸ்கேன் வரவே வராதா? – மாணவி

பதில்: வந்துகொண்டிருக்கிறது, கண்ணு! நம் உடம்பு தன் அணுக்களில் சேர்த்துக்கொள்ளாத ஒரு சர்க்கரையை டிபி கிருமி தன் மேல்தோலைக் கட்டப் பயன்படுத்துகிறது, அதன் பெயர் டிரெஹலோஸ். அந்தச் சர்க்கரையில் கதிரியக்க ஃபுளோரினை மாட்டி அனுப்பினால் உயிரோடு இருக்கிற கிருமி அதை எடுத்துக்கொள்ளும், வெளிச்சம் கிருமியிடமிருந்தே வரும். இங்கிலாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து இதை உருவாக்கி, முயல்களிலும் குரங்குகளிலும் செய்து பார்த்து 2024இல் வெளியிட்டார்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், மருத்துவமனைகளில் ஏற்கெனவே பயன்படுத்துகிற அந்தப் பெட் ஸ்கேன் சர்க்கரையிலிருந்தே நொதிகளை வைத்து இதைத் தயாரிக்கலாம் என்று காட்டியிருக்கிறார்கள். அந்த ஃபுளோரின் 110 நிமிடத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துபோகிற பொருள், தூரத்திலிருந்து வரவழைத்து வைத்துக்கொள்ள முடியாது, அதனால் செய்முறை எளிதாக இருப்பது பெரிய காரியம். மனிதர்களுக்கு வழக்கமான பரிசோதனையாக வர இன்னும் பல படிகள் இருக்கின்றன. நீ படித்து முடித்து வருகிறபோது அந்தப் படியில் நிற்க ஆள் வேண்டியிருக்கும்.

கேள்வி: கணினியே எக்ஸ்ரே படத்தைப் பார்த்து டிபி என்று சொல்லிவிடுமாமே, நம்பலாமா? – வாசகர், சிம்மோர்

பதில்: நம்பலாம், ஆனால் முதல் சல்லடையாக மட்டும். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் நெஞ்சுப் படத்தைக் கணினி பார்க்கலாம் என்று 2021இல் உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. அது ஒரு மதிப்பெண் போடும், அதிகமாக வந்தவரிடம் சளி வாங்கிப் பார்ப்பார்கள். நாடு நாடாக வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்புகளில், நுரையீரல் டிபி உறுதியானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிபி என்று சந்தேகப்படும்படி நீண்ட நாள் இருமல் போன்ற அறிகுறி எதுவும் இல்லை. இருமினால்தான் படம் எடுப்பேன் என்று காத்திருந்தால் அந்தப் பாதியை விட்டுவிடுவோம். கையில் தூக்கிப்போகும் எக்ஸ்ரே கருவியோடு தோட்டத்துக்கே வந்தால் தயங்காமல் போய் நில்லுங்கள்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பம். என் கணவருக்கு டிபி. எனக்கு எக்ஸ்ரே எடுக்கலாமா? – வாசகி

பதில்: டாக்டர் தேவை என்றால் எடுக்கலாம் அம்மா. நெஞ்சுக்கு எடுக்கும் ஒரு எக்ஸ்ரேயில் வயிற்றுப் பிள்ளைக்குப் போகிற கதிர்வீச்சு மிகமிகக் குறைவு. உள்ளே நுழையும்போதே கர்ப்பம் என்று சொல்லுங்கள், ஆவணத்தில் எழுதியிருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு டிபி மருந்து ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது, நன்றாகத் தேறி வருகிறார். ஆனால் அண்ணன் வீட்டில் அம்மாவுக்குத் தட்டு, குவளை எல்லாம் தனி. கோயிலிலும் தள்ளி உட்காரச் சொல்கிறார்கள். அம்மா சாப்பிடாமல் அழுகிறார். ஸ்கேன் எடுத்துக் கிருமி இல்லை என்று காட்டினால் நிறுத்துவார்களா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. என் அப்பா பால்மரம் வெட்டியவர். அவருக்கு இந்த நோய் வந்தபோது லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாரும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அவருடைய ஈயக் குவளையை வெளியில் வேலிக் கம்பில் கவிழ்த்து வைத்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஸ்கேன் வேண்டாம். குணமானவர் நுரையீரலிலேயே வெளிச்சம் மிச்சம் இருக்கும் என்று மேலே சொன்னேனே, அதைக் காட்டி அவர்கள் இன்னும் தள்ளி வைப்பார்கள். அண்ணனை அம்மாவோடு கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், டாக்டரோ மிஸியோ (நர்ஸோ) நேராகச் சொல்லட்டும்: டிபி தட்டிலும் குவளையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை, இருமும்போது காற்றில் பரவுவது. மருந்துக்கு அடங்குகிற வகையாக இருந்து தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டால், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்திலேயே மற்றவருக்குப் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அம்மாவுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது, சளி மறுபடி பார்த்தார்களா என்று கேட்டு, அந்தத் தாளை அண்ணன் கையிலேயே கொடுங்கள். மருந்து மொத்தம் ஆறு மாதம், தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. சாப்பிடாமல் அழுகிறவர் மாத்திரையையும் தள்ளிவிடுவார், எனக்கு அந்தப் பயம்தான் அதிகம், அதனால் மாத்திரை நேரத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

வீட்டில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், கொசுவுக்குப் பயந்து அடைத்து வைத்த அறையில்தான் கிருமி சுற்றும். அம்மாவின் குவளையை மற்றக் குவளைகளோடு சேர்த்துக் கழுவி அதே அலமாரியில் கவிழ்த்து வையுங்கள். அண்ணன் வரும்போது அந்தக் குவளையில் நீங்களே தேத்தண்ணி ஊற்றிக் குடியுங்கள், அவர் பார்க்கட்டும்.